பாதி மழித்த தலை

எங்கள் தெருவில் சலூன் வைத்திருக்கும் கவுஸ் பாஷா, மாதம் ஒரு முறை ஊருக்கு வெளியே இருக்கும் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு முடி வெட்டப் போவார். அங்கே வார்டன் பெரியண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலனிப் பையன்களுக்கு மொட்டை, மற்ற சாதிப் பையன்களுக்கு கிராப்பு. ஓடிப்போனால் அடையாளம் தெரிய வேண்டுமாம். ஓடுகிறவன் காலனிக்காரனாகத்தான் இருப்பான் என்று யார் சொன்னது? கவுஸ் பாஷா கேட்டதில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேனா, தெரியவில்லை. அவருடைய கடை வார்டனின் மச்சான் கட்டடத்தில் இருக்கிறது.

ஆய்வுக்குழு வருகிறது என்று ஒரு நாள் காலையில் அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

"பாய், எப்பவும் போல முடிச்சிரு. முருகேஷ் தலையில மட்டும் கை வெக்காத" என்றார் வார்டன்.

"அவனும் காலனிப் பையன்தானுங்களே சார்?"

"சொன்னதச் செய்யி. ஆராய்ச்சி எதுக்கு?"

வார்டன் ஆபீசுக்குள் போனதும் முருகேஷ் தானாகவே வந்து மரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்தான். போன மாதம் காய்ச்சல் என்று சொல்லி அவனை வெளியே விடவில்லை. முடி அடர்ந்திருந்தது.

"எனக்கும் எடுங்க பாய்."

"வேணாம் கண்ணு. வார்டன் சொல்லியிருக்காரு."

அவன் கவுஸ் பாஷாவின் விரலைப் பிடித்துத் தன் வலது காதுக்கு மேலே வைத்தான். முடிக்கடியில் வீங்கி, ஈரமாக இருந்தது.

"முந்தாநாள் கிராப்புப் பசங்க தண்ணிக் கொடத்தத் தொட்டுட்டேன். வார்டன் பூட்டால அடிச்சாரு."

"வர்றவங்ககிட்ட சொல்லேன்டா."

"போன தடவ சொன்னவன வேற ஊருக்கு மாத்திட்டாங்க. எங்கன்னே தெரியல. நான் சொல்லல பாய். அவங்களே பாத்துக்கட்டும்."

கவுஸ் பாஷா ஆபீஸ் கதவைப் பார்த்தார். பிறகு தண்ணீரைத் தெளித்து, வலது பக்கத்திலிருந்தே மழிக்க ஆரம்பித்தார். பாதித் தலை முடிந்தபோது வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டது.

"யோவ்."

"இவனும் வரிசையில ஒக்காந்திருந்தான் சார். கை பழக்கத்துல..."

"ஒங்காளுங்க புத்தி எங்க போவும்? நம்ம சோத்தத் தின்னுட்டு நமக்கே கத்தி வெப்பீங்க. டேய், எந்திரி. ஸ்டோர் ரூமுக்குப் போ."

வார்டனின் கை பையனின் தோளுக்கு நீண்டது. கவுஸ் பாஷா தலையிலிருந்து கத்தியை எடுக்கவில்லை.

"தலையில கத்தி இருக்குதுங்க சார். இப்ப இழுத்தா அறுத்துரும்."

கை அப்படியே நின்றது. கேட்டில் ஹாரன் அடித்தது. வார்டன் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "முடிச்சதும் உள்ள அனுப்பு. இல்லன்னா சாயங்காலம் ஒனக்கு கடை இருக்காது."

கவுஸ் பாஷா முடிக்கவில்லை. மறுபடி மறுபடி தண்ணீர் தெளித்தார். மழித்த இடத்திலேயே கத்தியைத் தொடாமல் நகர்த்தினார்.

குழுவில் வந்த சசிகலா என்ற அம்மா மரத்தடிக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்ன காயம் தம்பி?"

பையன் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான்.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான் மேடம்" என்றார் வார்டன்.

"நீங்க சொல்லுங்க பாய்."

"வுழுந்ததில்லைங்க. அடிச்சது" என்றார் கவுஸ் பாஷா.

சசிகலா அங்கேயே நின்று போனில் யாரிடமோ பேசினார். பாதி முடியும் பாதி மொட்டையுமாக முருகேஷைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கவுஸ் பாஷாவையும் ஏறச் சொல்லவேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை.

வரிசையில் இன்னும் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் மற்றவர்களும் கிளம்பி, வண்டி வெளியே போனதும் வார்டன் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார்.