வெள்ளை வேஸ்ட் துணி

ஐம்பது வயதுக்கு மேல் என் வீட்டுக்காரருக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. லைசென்ஸும் வாங்கிவிட்டார். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பழைய நான்கு சீட்டு விமானம் ஒன்று விலைக்கு வருகிறது என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அதை வாங்கினால் முதல் பயணத்தில் பக்கத்து சீட்டில் நான் உட்கார வேண்டுமாம். எனக்கு ராட்டினமே ஆகாது.

விற்பவர் ஓய்வு பெற்ற பைலட். "எப்பவாவதுதானுங்க எடுப்பேன். இன்ஜின் அதிகம் ஓடவே இல்லீங்க" என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் தொழிலில் பழைய நிட்டிங் மெஷின் வாங்கப் போனால், எத்தனை ஷிப்ட் ஓடியது என்பதுதான் முதல் கேள்வி. ஓடாமல் பூட்டிக் கிடந்த மெஷின் என்றால் போட்டி போட்டு வாங்குவார்கள்.

"அம்மிணி, பூட்டி வெச்ச மெஷினாட்ட இருக்குது. உட்றக் கூடாது" என்று என் காதில் சொன்னார்.

நாங்கள் அழைத்துப் போயிருந்த இன்ஜினியருக்கு அதே பேச்சு பிடிக்கவில்லை. "சும்மா நின்ன இன்ஜினத்தானுங்க நம்பக் கூடாது. ஆயில் கீழ வடிஞ்சுரும். உள்ள துருப் பிடிக்கும். அப்புறம் ஓட்டுனா இரும்பு தேயும்" என்றார்.

இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. சத்தத்தில் குறை இல்லை. சிலிண்டர்களில் அழுத்தமும் சரியாக இருந்தது. இவர் அதற்குள் விமானத்துக்கு என்ன கலர் அடிக்கலாம் என்ற யோசனைக்குப் போய்விட்டார். இன்ஜினியர் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பெட்ரோலில் அலசினார். அந்தப் பெட்ரோலை வடிகட்ட, விற்பவர் ஒரு கலர் துணியை எடுத்து வந்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கலர் துணியில் என்ன தெரியும்? எங்கள் ஊரில் எந்தக் காரின் டிக்கியைத் திறந்தாலும் துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் துணி இருக்கும். எங்கள் காரில் வெள்ளை மட்டும்தான் வைப்பேன். கம்பெனியில் செக்கிங் என் பொறுப்பு. வெள்ளையில்தான் கறை ஒளிய முடியாது. ஓடிப்போய் அதில் ஒன்றை எடுத்து வந்து இன்ஜினியரிடம் கொடுத்தேன்.

வடிகட்டி முடித்ததும், செக்கிங் டேபிளில் செய்வதுபோல அந்தத் துணியை விரித்து வெயிலில் பிடித்தேன். ஜிகினாப் பொடி தூவியதுபோல மினுமினுத்தது. இன்ஜினியர் ஒரு காந்தத்தைத் துணிக்கு அடியில் நகர்த்தினார். மினுமினுப்பும் கூடவே நகர்ந்தது.

"இரும்புங்க. உள்ள தேஞ்சுட்டு இருக்குது. பிரிச்சுப் பாக்காம இத மேல கொண்டுபோகக் கூடாது."

இவருக்கு முகம் தொங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள் முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

விற்பவர் துணியை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஃபோனை எடுத்து, "கண்ணு, ஞாயித்துக்கெழம நாம பறக்கப் போறதில்ல சாமி" என்றார்.

"ஏன் அப்புச்சி? விக்கறதுக்கு முன்னால ஒருக்கா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கள்ல?" என்று அவருடைய பேத்திக் குழந்தை கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. பிறகு அழத் தொடங்கியது.

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, அந்த அழுகை ஓயும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு குழந்தை அழுவதை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை.