நாயும் கல்லும் என் பார்சல் வண்டியும்

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் வீட்டைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த வீட்டு நாயைச் சமாளிப்பது. இருபது வருடம் ஃபேக்டரி டியூப் லைட்டுக்குக் கீழே நின்றவள் நான். ஃபேக்டரியை மூடியதும் நாற்பத்தாறு வயதில் மோட்டார் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாலோ, ரெங்கம் என்ற இரண்டு சிற்றூர்ப் பக்கம் என் ரூட். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு, கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நாயையும் கல்லையும் சேர்த்து நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்வார்களே, அதன் அர்த்தம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் புரியவில்லை. பாலோவில் புரிந்தது. புரிந்தது தப்பு என்று ரெங்கத்தில் தெரிந்தது.

புது ரோடு

முதல் வாரம். பாலோவில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கறுப்பு நாய் ஓடி வந்தது. சட்டென்று குனிந்து கல் தேடினேன். முந்தின நாள்தான் அந்த ரோட்டுக்குத் தார் போட்டிருந்தார்கள். கடுகளவு கல்கூட இல்லை.

நிமிர்ந்தால் கடித்துவிடுமோ என்று குனிந்தபடியே இருந்தேன். நாய் பக்கத்தில் வந்து நின்றது. என்னைப் பார்த்தது, ரோட்டைப் பார்த்தது, பிறகு தானும் தரையை மோந்து பார்க்க ஆரம்பித்தது. வீட்டுக்கார அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னாக்கா தொலைச்சிட்டீங்க? அதுவும் கூட சேர்ந்து தேடுது."

ஆறு கல்

ஆக, நாய் வரும் நேரத்தில் கல் கிடைக்காது என்பதுதான் அர்த்தம் என்று முடிவு செய்தேன். கைக்கு அடக்கமாக ஆறு கல் பொறுக்கி, ஒரு பழைய பார்சல் உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதோடு சரி. இரண்டு வாரம் ஒரு நாய்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் வளர்க்கிற ஒருவருக்கு ஒரு நாள் அவசரத்தில் அந்த உறையையே கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் குமார் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் அவர் கூப்பிட்டால் நான் எழுந்து நின்றுதான் பேசுவேன். உறைக்குள் கல் இருந்ததென்று ஆபீசுக்குப் போன் வந்ததாம். இன்னொரு புகார் வந்தால் ரூட்டைப் பிடுங்கிக்கொண்டு கிடங்கில் பார்சல் பிரிக்க அனுப்பிவிடுவேன் என்றார். மறுபடியும் டியூப் லைட். உடனே மீன்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாகவே இல்லை.

"கல்லு அழகா இருக்குங்க, தொட்டியில போட்டுட்டேன். நான் கேட்ட ஃபில்டர் எப்ப வரும்?"

மேரி அக்கா வீட்டு வாசல்

ரெங்கத்தில் தையல்காரர் மேரி அக்கா வீடு. கேட்டுக்கு உள்ளே ஒரு பழுப்பு நாய், வாயைப் பிளந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் புகார் வந்தால்? பத்து நிமிடம் வெயிலில் நின்று ஹாரன் அடித்தேன். மேரி அக்கா வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டு, "அலமாக், அது சிமெண்டு பொம்மை லா," என்றார்.

அடுத்த வாரம் ராணி மாதிரி உள்ளே போனேன். பார்சலை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஹெல்மெட்டைக் கழற்றிப் பொம்மையின் தலையில் மாட்டினேன். தலை சூடாக இருந்தது. கண் சிமிட்டியது. பொம்மை பெயிண்ட் அடிக்கப் பின்பக்கம் போயிருந்ததாம். இது அதன் அசல்.

பார்சலைக் கட்டிப்பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பழமொழியில் இருப்பது எறிகிற கல்லே இல்லை, நாயாகச் செதுக்கிய கல். நாய் என்று பயந்த அன்று சிமெண்டு என் கண்ணில் படவில்லை. சிமெண்டு என்று நம்பிய அன்று நாய் படவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஹெல்மெட் தேவைப்பட்டது. நாயோ கடிக்கவில்லை. ஹெல்மெட்டோடு நடந்து போய் என் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றது.

மேரி அக்கா சிரிக்கக்கூட இல்லை. "எங்கயாச்சும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க, பாவம், நம்பிருச்சு."

அத்தாட்சிப் படம்

பார்சல் கொடுத்ததற்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு கண் நாய் மேலேயே இருந்ததால் எதை எடுத்தேன் என்று பார்க்காமலே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் குமார் கூப்பிட்டார். ரூட் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனேன். போனை என் பக்கம் திருப்பினார். மூலையில் மேரி அக்காவின் பாதிக் கை, கையில் பார்சல். நடுவில் ஹெல்மெட் போட்ட நாய், என் வண்டியோடு. குமார் ரொம்ப நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார்.

"ரூட்டு உங்களுக்கேதான், அக்கா. ஆனா இதுல யாரு நம்ம ஸ்டாஃபுன்னு மட்டும் சொல்லுங்க."

நான்கு வருடமாகிறது, ஆபீஸ் பட்டியலில் அந்த ரூட் என் பெயரில்தான் இருக்கிறது. நாய்களுக்குத்தான் அந்தத் தகவல் இன்னும் டெலிவரி ஆகவில்லை.