மதிய மணிக்கு எழுந்து நின்ற எங்கள் இங்கிலீஷ் டீச்சர்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார்கள்.

காலையில் சாத்தான்குளத்திலிருந்து அவர்கள் மகன் போன். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. ரொம்ப நாள் படுக்கை... எனக்கு அழுகைக்கு முன்னால் "மாதாவே, இனி அவுகளுக்கு வலி இல்ல" என்றுதான் வாயில் வந்தது.

எழுபதுகளில் எங்கள் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் யாரும் நிலைத்ததில்லை. உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர், மீன் வாடை என்று இன்னொருவர்.

என் மகள் பிலோமி அந்த வருஷம் எஸ்எஸ்எல்சி. கடலில் மூழ்கிச் சங்கு குளித்துவிட்டு வந்த களைப்பில் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "ஏளா, இந்த மாசத்துக்குள்ள இங்கிலீசுக்கு ஆள் வரலேன்னா பிள்ளய நிப்பாட்டிருவேன். பெயிலாகதுக்கா போறா?"

அப்போதுதான் எஸ்தர் டீச்சர் இண்டர்வியூவுக்கு வந்தார்கள்.

கோவிலில் பெண்கள் கூடும் மாதா சபைக்குக் கணக்கு எழுதுகிறவள் என்று, தாய்மார் சார்பில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். அஞ்சாம் கிளாஸோடு நின்ற நான்! மடிக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்கெல்லாம் டீச்சர் இங்கிலீஷில் டாண் டாண் என்று பதில். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கோவிலில் மதிய மணி.

எல்லோரும் எழுந்து மாதா செபம் சொன்னோம். டீச்சரும் எழுந்தார்கள். கைகட்டி நின்றார்கள். உதடு அசையவில்லை, சிலுவையும் போடவில்லை.

பள்ளிக் கமிட்டித் தலைவர் அந்தோணி அண்ணாச்சி விடுவாரா? "டீச்சருக்கு எங்க செபம் தெரியாதோ?"

"தெரியாது அண்ணாச்சி. நாங்க புராட்டஸ்டண்ட், மாதா செபம் எங்களுக்குக் கெடயாது. பிள்ளைக சொல்லும்போது மரியாதையா எந்திச்சு நிப்பேன். வேலைக்காகச் சொல்லுத மாதிரி நடிக்க மாட்டேன்."

போச்சு... பிலோமி படிப்பு அவ்வளவுதான்.

அண்ணாச்சி சிஸ்டரைப் பார்த்தார். "போன தடவ வந்தவரு நம்மாளுதான். செபம் நல்லாத்தான் சொன்னாரு. ஒருநா சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறிட்டாரு. இந்தம்மா உள்ளத உள்ளபடி சொல்லுதாவ. இவுகளயே போடுங்க சிஸ்டர்."

வெளியே வந்துதான் மூச்சே விட்டேன்.

வகுப்பில் மதிய செபத்தைப் பிலோமி சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் சோற்றுக்கு அவசரம். அதில் வருகிற மூன்று "அருள் நிறைந்த மரியே"யில் ஒன்றை விழுங்கிவிட்டாள்.

கைகட்டி நின்ற டீச்சர், "ஏளா பிலோமி, மூணாவது எங்க?" என்றார்களாம்!

அதைக் கேட்டு அவள் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பிலோமி பாஸ். ரிசல்ட் அன்றைக்கு அவர் கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எங்க டீச்சர்" என்றார். அதுவரைக்கும் "அந்தச் சாத்தான்குளத்தம்மா"தான்.

இன்றைக்கு மதிய மணி அடித்தபோது எழுந்து நின்றேன், டீச்சர்.

மூன்றையும் சொன்னேன். அவசரப்படாமல்.

போயிட்டு வாங்க...