முள் இறங்கிய பின் மதினி ஏறிய கார்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அண்ணனின் காருக்கு ஒரு குடம் தண்ணீராவது கொடுத்திருப்பீர்கள். மீதிப் பேர் அதைத் தள்ளியிருப்பீர்கள். ஆகவே அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு காரை விட்டுவிட என்னால் முடியாது. முதலாண்டு நினைவு நாளில் யாரையும் அழ வைக்கிற மாதிரி எழுதக் கூடாது என்று அவர் மனைவியான மதினியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் முக்கூடலில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அப்பா திடீரென்று காலமானபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மருந்தாளுநர் படிப்பை முடித்து, திருநெல்வேலி டவுனில் சொந்தமாகக் கடை வைத்து, எங்களை எல்லாம் படிக்க வைத்தார். எனக்குத் திருமணம் முடிந்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். காய்ச்சல் என்று வந்த குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டு, மறுநாள் அந்த வீட்டைத் தேடிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற மனிதர். இதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். காரின் கதைதான் முழுதாகப் பலருக்குத் தெரியாது.

அது பெரியப்பா விட்டுச் சென்ற பழைய கார். வீட்டில் அதைப் 'பிளசர்' என்றுதான் சொல்வோம். பெண் ஏரலில் நிச்சயமானதும் அண்ணன் கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு, தானே காருக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கினார். வெளியே மட்டுமல்ல. டாஷ்போர்டைக் கழற்றி அதன் பின்னால் இருந்த தகரத்துக்கும் சேர்த்து அடித்தார்.

"அதுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"புதுப்பொண்ணு ஏறுத வண்டி. உள்ளயும் பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றார்.

திருமணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு ஏரலிலிருந்து புறப்பட்டோம். ராகு காலத்துக்கு முன் வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டும் என்பது பெரியவர்களின் கணக்கு. கொஞ்ச தூரம் போனதுமே இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அண்ணன் பதறிப் போய் நிறுத்தினார். ஆற விட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினால் மறுபடியும் முள் ஏறியது. மறுபடியும் நிறுத்தம். ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம் வாழைத் தோட்டத்து ஓரமாக, பட்டுச் சேலையும் மாலையுமாக மதினி வெயிலில் நின்றார். போகிற பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. வீடு வந்து சேர்ந்தபோது ராகு காலம் நடுவில் இருந்தது. அது முடிகிற வரை புதுப்பெண்ணை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள்.

அன்று மதினி அண்ணனிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்: "அந்த முள்ளு ஒழுங்கா கீழ நிக்கட்டும். அதுக்குப் பெறகுதான் நான் இந்த வண்டியில ஏறுவேன்."

மதினி சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு ஏரலுக்குப் போவதென்றால் மதினி பஸ்ஸில் போவார். அண்ணன் காரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். முள் ஏறியதும் நிற்பார். பஸ் போய்விடும். வழியில் ஏதாவது ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றி, அந்த வீட்டாரின் உடம்பு சௌகரியத்தை விசாரித்து, நட்பாகி, ஏரல் போய்ச் சேரும்போது மதினி சாப்பிட்டு முடித்திருப்பார். நாங்கள் சிரிப்போம். அண்ணனும் சிரிப்பார். ஆனால் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது அவருக்கு உள்ளூர வலித்தது என்பது எனக்குத் தெரியும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மேலப்பாளையத்து மெக்கானிக் பாய் ரேடியேட்டரைக் கழுவினார், தண்ணீர் பம்பை மாற்றினார், பெல்ட்டை மாற்றினார். "அண்ணாச்சி, இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. முள்ளுமேலதான் எனக்குச் சந்தேகம்" என்று ஒருநாள் சொன்னார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. சோதித்துவிடுவோம் என்று கடையிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து வந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, அந்தத் தண்ணீருக்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் அது படக்கென்று உடைந்தது.

"பாத்தியளா வே, எவ்வளவு காய்ச்சல்னு!" என்றார் வெற்றியோடு.

ஓடுகிற எந்த இன்ஜினும் காய்ச்சல் தெர்மாமீட்டரை உடைக்கத்தான் செய்யும். பாய் தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சோதனையை நம்பி அண்ணன் பல வருடங்கள் தண்ணீர்க் குடத்தோடு அலைந்தார்.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் காரில் ஏறாத மதினிதான். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு ஒருநாள், அண்ணன் வெயிலில் நடந்து வீடு வந்தார். பெட்ரோல் தீர்ந்து கார் வழியில் நின்றுவிட்டது. பெட்ரோல் முள்ளோ இன்னும் கொஞ்சம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்ததாம். அது எப்போதும் கொஞ்சம் தாராளமாகக் காட்டுகிற முள்தான். அண்ணன் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்துத்தான் ஓட்டுவார். அன்றைக்கு மறந்துவிட்டார்.

மதினி மோரைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அந்த முள்ளும் கூட்டிக் காட்டுது, இந்த முள்ளும் கூட்டிக் காட்டுதா? வீட்டுல எல்லா பல்பும் ஒண்ணுபோல கண்ணக் கூசுச்சுன்னா பல்பையா மாத்துவிய? ரெண்டுக்கும் கரண்டு எங்கருந்து வருதுன்னு பாருங்க."

அண்ணன் மோரைக் குடிக்காமலே பாய்க்குப் போன் செய்தார். பாய் கேனில் பெட்ரோல் வாங்கி ஊற்றி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து டாஷ்போர்டைக் கழற்றினார். அதன் பின்னால், இரண்டு முள்ளுக்கும் போகிற மின்சாரத்தைக் குறைத்து அனுப்புகிற சின்ன டப்பா ஒன்று இருந்தது. அது வண்டியின் வெறும் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். தொடாததால் கரண்டு குறையாமலே போய் இரண்டு முள்ளையும் ஏற்றிவிட்டிருந்தது. டப்பாவுக்கும் தகரத்துக்கும் நடுவில், திருகாணிக்கு அடியில்கூட, தடிமனாகப் பெயின்ட்.

"இங்கன கொண்டு பெயின்ட் அடிச்ச மகராசன் யாரு அண்ணாச்சி?" என்றார் பாய்.

அண்ணன் மோர்த் தம்ளரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். புதுப்பெண்ணுக்காக அடித்த பெயின்ட் என்று நான்தான் போட்டு உடைத்தேன். மதினி சிரிக்கத் தொடங்கினார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவா அடிச்சிய? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

பாய் பிளேடால் பெயின்டைச் சுரண்டித் திருகாணியை முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் இரண்டு முள்ளும் அடங்கின. இன்ஜினை நெடுநேரம் ஓடவிட்டும் சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. மதினி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "ம், ஏரலுக்கு விடுங்க" என்றார். கேனில் வாங்கி ஊற்றிய பெட்ரோலுக்கு வண்டி பங்க் வரைக்கும்தான் போகும் என்று பெட்ரோல் முள் முதல்முறையாக உண்மையைச் சொன்னது. பங்க்குக்குப் போய் நிரப்பிக்கொண்டு அன்றைக்கே ஏரலுக்குப் போனார்கள்.

அதன் பிறகு கார் சும்மா நின்ற நாள் குறைவு. பாபநாசம், குற்றாலம், ஒன்றுமே காரணமில்லாமல் ஆற்றுப் பாலம் வரை. அண்ணனின் இதயம் பலவீனப்படத் தொடங்கிய பிறகும் மருத்துவர் அனுமதித்த வரை இருவரும் போனார்கள். அவர் வலியில்லாமல் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது நாங்கள் செய்த புண்ணியம்.

கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடை சுமந்த பிள்ளைகளுக்கும், நோன்பு வைத்த நிலையிலும் காலை முதல் மாலை வரை கூடவே நின்ற பாய்க்கும், ஏரல் சாலையில் அண்ணனுக்குத் தண்ணீர் தந்த அத்தனை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மதினி இதையும் எழுதச் சொன்னார். அண்ணன் கடைசியாகக் கார் ஓட்டிய அன்று, ஆத்தூர் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினாராம்.

"முள்ளு நடுவுலதான நிக்கு. ஏன் நிறுத்துனிய?"

"ஏளா, வண்டிக்கு ஒண்ணுமில்ல. உன்கூட கொஞ்ச நேரம் ரோட்டோரமா நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

இருவரும் இறங்கி நின்றார்கள். வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தாமதமானதற்கு மதினி அன்று ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.