பிரேக் அக்காவின் வெள்ளைப் படம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடங்கள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக். அதை மிதித்து மிதித்தே அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர் வந்துவிட்டது.

ஐம்பது தாண்டியதும் மேமோகிராம் எடுக்கப் போனார். இரண்டு தட்டுகளுக்கு நடுவே இயந்திரம் மார்பை அழுத்தியபோது, அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது.

“தரைய ஏன் மிதிக்கிறீங்க?” என்றார் படம் எடுத்த பெண்.

“நிக்குமான்னு பார்த்தேன்மா.”

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் மார்பகத் திசு மிகவும் அடர்த்தியானது, மருத்துவரைப் பார்க்கவும்.

கணவர் புவியியல் ஆசிரியர். இரண்டு முறை படித்துவிட்டு, “அடர்த்தின்னா நல்லதுதானே? இல்லாதவன் படுற பாடு எனக்குத் தெரியும்” என்று வழுக்கையைத் தடவினார்.

“உடம்பைக் குறைங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி” என்றார் நாத்தனார்.

மருத்துவர் இரண்டையும் கேட்டுச் சிரித்தார். “இது பருமனால வர்றதில்லம்மா. தொட்டாலும் தெரியாது, படத்துலதான் தெரியும். நிறைய பேருக்கு இப்படி இருக்கு, இது நோயில்ல. ஆனா புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். இன்னொரு சிக்கல், கொழுப்பு படத்துல கறுப்பா விழும், சுரப்பித் திசு வெள்ளையா விழும். கட்டியும் வெள்ளைதான்.”

“பனிமூட்டத்துல வெள்ளைக் கார்.”

“அதேதான்!”

“அப்ப லைட்டு போட்டுப் பிரயோசனமில்ல டாக்டர். ஹாரன் அடிச்சுத்தான் பார்க்கணும்.”

மருத்துவர் ஒரு கணம் அவரையே பார்த்தார். “அடுத்து அதைத்தான் செய்யப்போறோம். ஒலியை அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சுப் பார்க்கிற ஸ்கேன்.”

ஸ்கேனில், இடது பக்கம் பட்டாணி அளவுக்கு ஏதோ தெரிந்தது. ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று உறுதியானது.

அன்று கணவர்தான் காரை ஓட்டினார். சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஒரே ஹாரன் சத்தம். அக்கா திரும்பிப் பார்த்தார். மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“ஏங்க, அழறதா இருந்தா ஓரங்கட்டிட்டு அழுங்க. இண்டிகேட்டரைப் போடுங்க முதல்ல.”

போட்டார். ஓரங்கட்டினார். அதன்பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

கட்டி சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டதால் சின்ன அறுவை சிகிச்சையோடும் சில வாரக் கதிர்வீச்சோடும் முடிந்தது. ஐந்தாம் மாதம் அக்கா வேலைக்குத் திரும்பினார். முதல் வேலையாக நாத்தனாரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படம் எடுக்க வைத்தார்.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“எனக்கு அடர்த்தியே இல்லையாம் அண்ணி” என்றார், கல்யாண வீட்டில் தன்னை மட்டும் யாரும் சாப்பிடக் கூப்பிடாததுபோல.