தூக்க முடியாத பட்டுத் திரை

எங்கள் ஊர் நாடகக் கொட்டகையைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றைக்கே என் புருஷன் மீசையை எடுத்துவிட்டார். கட்டடத்தில் அதுவரை ஒரு செங்கல்கூட நகரவில்லை. உள்ளே அரிசி மூட்டையும் வௌவாலும்தான் குடியிருந்தன. ஆனாலும் திறப்பு விழாவில் நாடகம் உண்டு, பழைய ஆட்களே நடிப்பார்கள் என்று கமிட்டியில் யாரோ சொல்லிவிட்டார்கள். பெண் வேஷம் கட்டுகிறவருக்கு அது போதும்.

பகலில் அவர் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்வார். முன்பெல்லாம் விளக்கு வைத்ததும் கொட்டகைக்குப் போய் ராணியாகிவிடுவாராம். காட்டில் புருஷனைத் தொலைத்துவிட்டுத் தேடி அழுகிற ராணி. காஞ்சிபுரமே அதைப் பார்த்திருந்தது. பார்க்காதவள் நான் ஒருத்திதான். பக்கத்துக் கிராமம் தாமலில் ஏரியையும் எருமையையும் பார்த்து வளர்ந்துவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த முதல் வாரமே மாமியார் சொல்லிவிட்டார்.

"புருஷன் பொடவ கட்டிக்கினு நிக்கிறத பொண்டாட்டி பாக்கக் கூடாதுடி. ஆயுசு கொறஞ்சிடும்."

ஊரார் பார்த்தால் குறையாதாம், நான் பார்த்தால் மட்டும் குறையுமாம். தண்ணீர்க் குழாயில் பெண்களிடம் கேட்பேன், எப்படி நடிப்பார் என்று. ஒருத்தியும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, "நீயே ஒருவாட்டி போய்ப் பாருமா" என்பாள். வீட்டில் ஒரு சொம்பு தண்ணீரைக்கூட முகம் கொடுத்துக் கேட்காத மனுஷன், மேடையில் புருஷனுக்காக உருகுகிறார் என்றால் எனக்குப் பார்க்க ஆசை இருக்காதா? பிறகு சினிமா வந்தது, நாடகம் படுத்தது, கொட்டகை அரிசிக் கிடங்கானது. என் ஆசையும் அந்த மூட்டைகளுக்கு நடுவே எங்கேயோ மாட்டிக்கொண்டது.

அதனால்தான் புதுப்பிக்கிறார்கள் என்றதும் அவரைவிட நான் அதிகமாகக் குதித்தேன், மனசுக்குள்.

கமிட்டிக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி தலைவர். வெள்ளைக்காரன் காலத்தில் எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே ஆக்கிக் காட்டுவேன் என்று மைக்கில் சத்தியம் செய்தார். அச்சு அசலாகச் செய்ததில் முதல் வேலை, மணல் தரையை எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டு நாற்காலி அடுக்கியது. நாங்கள் அந்த நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி வைத்துத்தான் உட்கார்ந்தோம் என்பது வேறு கதை. இரண்டாவது, சுவருக்கு வர்ணம். நெசவுக்காரர்கள் ஊரில் சுவருக்கு ஒரே வர்ணம் அடித்தால் ஒப்புவார்களா? புடவைக் கணக்கில் உடலுக்கு மாம்பழ நிறம், கரைக்கு அரக்கு என்று முடிவாயிற்று. மேலேயும் கீழேயும் அரக்குப் பட்டை, நடுவில் மஞ்சள். முகப்பை முந்தானை மாதிரி கட்டம் போட்டு விட்டார்கள். அடித்து முடித்ததும் கொட்டகை, தாலி கட்ட மணையில் உட்கார்ந்த பெண் மாதிரி இருந்தது. ரொம்ப அழகு. நான் குறை சொல்லவில்லை.

மூன்றாவதுதான் திரை. எந்த ஊர்க் கொட்டகையிலும் படுதாவில் காடும் அரண்மனையும் எழுதித் தொங்கவிடுவார்கள். நம்ம ஊருக்குப் படுதாவா, மானம் போகும், பட்டில்தான் வேண்டும் என்றார் தலைவர். ஜரிகை போட்ட பட்டில். நான்கு தெரு நெசவுக்காரர்களும் ஆளுக்கொரு பங்கு நெய்து கொடுத்தால் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று ஏற்பாடு.

அங்கேதான் வந்தது வினை. ஒரு தெரு மயில்கண் கரை போட்டது. அது தெரிந்ததும் அடுத்த தெரு கோபுரக் கரை, அதுவும் ஒரு சாண் அகலம். நாங்கள் சும்மா இருப்போமா? எங்கள் தெருவில் ருத்ராட்சக் கரை, ஒன்றரைச் சாண். நாலாவது தெருக்காரர்கள் கடைசியாக நெய்தார்கள். மற்றவர்களுடையதையெல்லாம் பார்த்துவிட்டு நெய்ததால் அவர்கள் பங்கில் பட்டைத் தேடவேண்டியிருந்தது, எல்லாம் ஜரிகை. தைத்து முடித்து, அம்மன் காலடியில் வைத்து மஞ்சள் தடவி, மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். சுமந்தவர்கள் வழியெல்லாம் தோள் மாற்றிக்கொண்டே வந்தார்கள். தேர் வடம் இழுக்கிற ஊர் என்பதால் கனத்தைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

எங்கள் தெருக் கரை ஏறியிருக்கிற இடம், குடும்பத்தோடு வரவேண்டும் என்று தெருப் பெரியவர் உத்தரவு போட்டார். மாமியாரால் என்னை வீட்டில் விட முடியவில்லை. "திரைய மட்டும் பாத்துட்டு வந்துடணும்" என்று சொல்லி அழைத்துப் போனார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் இடம் கிடைத்தது. எனக்குப் படிப்பு வாசனை கிடையாது, நோட்டீசில் என்ன போட்டிருந்தது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். முக்கால் பக்கம் கமிட்டிக்காரர்கள் பெயர், அடியில் ஒரு வரி நாடகம் என்றாள். விழாவும் அதே கணக்கில்தான் நடந்தது. ஆளுக்கு ஆள் மாலை போட்டுக்கொண்டார்கள்.

மெட்ராசிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் விசில் ஊதித் திரையைத் தூக்கச் சொன்னார். கயிற்றை இழுத்தார்கள். ஜரிகை குறைந்த பக்கம் மேலே போயிற்று. நாலாவது தெருப் பக்கம் அசையவில்லை. ஒரு ஓரம் முழங்கால் உயரம் எழும்பி, அப்படியே சிக்கிக்கொண்டது. அந்த இடுக்கில் இரண்டு கால்கள் தெரிந்தன. கொலுசு போட்டிருந்தன. தறி மிதித்துத் தடித்த அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியாதா?

பெரிய மனிதர் திரையைத்தான் காட்சி என்று நினைத்தார் போல. கைதட்டி, "அற்புதம்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போனார்.

மேடையில் சண்டை ஆரம்பித்தது.

"தையலப் பிரிச்சி வுட்டா சரியாப்பூடும்பா," என்றார் கயிறு இழுத்தவர்.

"பிரிச்சா கர சேந்த கோர்வ கெட்டுப்பூடும். ஓரமா அறு," என்றார் மயில்கண் தெருப் பெரியவர்.

"ஓரத்துல எங்க கோபுரம் இருக்குது. ஒன் மயில அறுத்துக்கோ."

"அம்மன் மஞ்ச எங்க பக்கத்துல தடவியிருக்குது. அதுமேல கத்தி வப்பியா நீ?"

"அல்லா தெருவுக்கும் பொதுவா நடுவுல அறுக்கலாமே," என்றார் தலைவர். நான்கு தெருவும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து அவரைத் திட்டியது.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து என் கையைப் பிடித்தார். "திரையத்தான் பாத்தாச்சே. நாடகம் கெடையாது. வா போலாம்."

"கொஞ்ச நேரம் பாக்கலாம் அத்தே."

"இன்னாத்த பாக்கிறது? கால் தெரியுது. அது வூட்லயே இருக்குது. வா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். எழுந்தும்விட்டேன். அப்போது அந்த இடுக்கு வழியாகக் குனிந்து, கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ராணி வெளியே வந்தார். திரைக்கு முன்னால் ஒரு முழ அகலம்தான் மேடை மிச்சம். அவர் வந்து நின்றதும் பெண்கள் பக்கம். கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆர்மோனியக்காரரைப் பார்த்து, "நீ வாசி அண்ணே" என்றார்.

ராணி தரையில் உட்கார்ந்தார். உடனே அழவில்லை. முதலில் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், கேட்க ஆள் இருக்கிறதா என்று. பிறகு ஒரு காலை நீட்டினார். முந்தானையை உதறி மடியில் விரித்தார். தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று இழுத்தார்.

எங்கள் கூடத்தில் குழம்பில் உப்புக் கூடினால் நடக்கிற அழுகை அது. என் மாமியாரின் அழுகை. அந்தப் பக்கப் பார்வை, அந்தத் தட்டு, ஒன்றும் குறையவில்லை. ஊர்ப் பெண்கள் ஏன் வாயைப் பொத்தினார்கள் என்பதும், யாருடைய ஆயுசுக்கு மாமியார் பயந்தார் என்பதும் ஒரே நேரத்தில் விளங்கியது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

மாமியார் மறுபடி உட்கார்ந்துவிட்டிருந்தார். என்னைக் கவனிக்கவே இல்லை. கண் முழுக்க மேடையில் இருந்தது.

"மூக்கச் சிந்துறதுக்கு முன்னால தலைய ஒரு பக்கம் சாய்க்கணும்," என்றார் முணுமுணுப்பாக. "மறந்துட்டான் பாரு."

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடி. மறைக்கிது."