சிலுவை அண்ணாச்சி மேல் நான் போட்ட பழி

மெக்கானிக் சிலுவை அண்ணாச்சி இறந்த செய்தி நம் துறைமுக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்றைப் போட்டேன். போட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் வேலையில் நாள் முழுக்க எனக்குக் கார் வேண்டும். ஒரு கோடையில் எஞ்சின் அடிக்கடி கொதித்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு மெக்கானிக்குகள் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். சிலுவை அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை.

"நிக்கும்போது சூடேறுதா, ஓடும்போதா?" என்று கேட்டார். நான் கவனித்ததில்லை.

"அதுகூடத் தெரியாம என்னத்த ஓட்டுதீய?" என்றபடி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

துறைமுகச் சாலையில் ஓடியவரை சூடு காட்டும் முள் அசையவில்லை. கேட்டுக்கு முன்னால் லாரி வரிசையில் நின்றதும் ஏறத் தொடங்கியது.

"ஓடுனா காத்து பட்டு ஆறுது, நின்னா ஆறல. ஃபேன் சுத்தல அண்ணாச்சி, அவ்வளவுதான்" என்றார் அவர்.

ஃபேன் மோட்டாரை மாற்றினார், வண்டி சரியானது. கிளம்பும்போது, "போர் தண்ணிய மட்டும் ஊத்திராதீய. நம்ம ஊரு உப்பு ரேடியேட்டர அடச்சிரும்" என்றார். நன்றாகத் தலையாட்டினேன். ஆனால் அலுவலக வாசலிலேயே ஆழ்துளைக் கிணற்றின் போர் குழாய் இருந்தது, கூலன்ட் வாங்கக் கடைக்குப் போகச் சோம்பலும் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் அந்தக் குழாய்த் தண்ணீரையே பிடித்து ஊற்றினேன்.

அடுத்த கோடையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கொதித்து மொத்தமாக நின்றது. ஆத்திரத்தில் குழுவில் எழுதினேன்: 'சிலுவை கை வைத்த வண்டி நடுரோட்டில் நிற்கிறது.' நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். உங்களில் பலர் அவரிடம் வண்டி விடுவதையே நிறுத்தினீர்கள். அன்று சாயங்காலம் ஸ்ரீவைகுண்டத்து மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றித் தட்டியபோது வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு உதிர்ந்தது. அதை நான் குழுவில் எழுதவில்லை.

சில மாதம் கழித்து டீக்கடையில் சிலுவை அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். பட்டறையில் வேலை குறைந்தது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணாச்சி, போர் தண்ணி ஏதும் ஊத்துனீயளா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"அப்ப என் வேலையிலதான் என்னமோ தப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவரை அறிந்தவர்களே, அவர் வேலையில் ஒரு தப்பும் இல்லை. போர் தண்ணீர் ஊற்றியவன் நான். இதை நீங்கள் படிப்பீர்கள். படிக்க வேண்டியவர் இல்லை. என் பொய்யை நம்பி, தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நடந்துபோன அந்த மனிதரின் முதுகுதான் என்னிடம் மிச்சமிருக்கிறது.